ஏவுகணை வாங்கினால் மட்டும் போதுமா?

புது தில்லி: விமானப் படைக்குப் புதிய ஆயுதம் வாங்கப்படும்போதெல்லாம் தலைநகரில் மூன்று கேள்விகள் எழுகின்றன. விலை என்ன? விற்கும் நாடு எது? இடைத்தரகர் யார்? அந்த ஆயுதத்தைக் கையாளப் போகும் இளம் விமானி எங்கே, எப்படிப் பயிற்சி பெறுவார் என்ற நான்காவது கேள்வி நாடாளுமன்றத்தில் அரிதாகவே ஒலிக்கிறது.

உள்நாட்டுத் தயாரிப்பான அஸ்திரா ஏவுகணைகளையும் அவற்றுக்கான சாதனங்களையும் விமானப் படைக்கும் கடற்படைக்கும் வாங்க, 2022 மே மாதம் பாரத் டைனமிக்ஸ் நிறுவனத்துடன் ரூ. 2,971 கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இத்தனை விலையுள்ள ஆயுதத்தைப் பயிற்சி விமானிகள் ஒவ்வொருவரும் எய்து பழக இயலாது. எனவே அவர்கள் முதலில் பாடம் கற்பது தரையில் உள்ள 'சிமுலேட்டர்' என்னும் பாவனை விமானி அறையில்தான்.

தூரம் என்னும் மாயை

உண்மை விமானத்தில் உள்ள அதே இருக்கை, அதே விசைகள். சுற்றிலும் திரையில் வானம். இங்கு கிடைக்கும் முதல் பாடம், ஏவுகணையின் வீச்சு நிலையானது அல்ல என்பதே. உயரத்தில் வேகமாகப் பறந்தபடி, எதிரே வரும் பகை விமானத்தின் மீது எய்தால் ஏவுகணை நெடுந்தூரம் செல்லும். தப்பியோடும் விமானத்தைத் துரத்தி எய்தால் அந்த வீச்சு வெகுவாகச் சுருங்கிவிடும். குறி கிடைத்ததாகத் திரை காட்டியவுடனேயே அவசரப்பட்டு எய்யும் மாணவர், இலக்கு திரும்பி ஓடியதும் ஏவுகணை வேகமிழந்து வீழ்வதைக் காண்கிறார்.

வெப்பத்தைத் தேடும் ஏவுகணை, இலக்கை உணர்ந்ததைக் காதில் ஓர் ஒலியால் உணர்த்தும். ஆனால் பகைவன் உதிர்க்கும் தீப்பொறிகளும், சில வேளைகளில் சூரியனும்கூட அதை ஏமாற்றக் கூடும். ரேடார் துணையுடன் நெடுந்தூரம் செல்லும் ஏவுகணையில் சிக்கல் வேறு. அதன் சொந்த ரேடார் இலக்கைப் பற்றும்வரை, விமானி தன் ரேடாரால் வழிகாட்டிக் கொண்டிருக்க வேண்டும். அதே நேரத்தில் பகைவனின் ஏவுகணையும் தன்னை நோக்கி வரலாம். எப்போது விலகுவது என்ற முடிவு சில விநாடிகளுக்குள் எடுக்கப்பட வேண்டியது. பாவனை அறையில் தவறினால் மீண்டும் தொடங்கலாம்; வானில் அந்த வாய்ப்பு இல்லை.

கார்கில் போரின்போது 1999 ஜூன் 24-ஆம் தேதி டைகர் ஹில் மீது மிராஜ்-2000 விமானம் லேசர் ஒளியால் வழிகாட்டப்படும் குண்டுகளை வீசியது. குண்டு விழும்வரை ஒளிக்கற்றை இலக்கை விட்டு விலகக் கூடாது. இடையில் மேகம் மறைத்தால் முயற்சி வீண். இத்தகைய திறன் ஆயுதப் பெட்டியுடன் சேர்ந்து வருவதன்று.

இருபது ஆண்டுத் தாமதம்

பாவனை அறைக்கும் எல்லை உண்டு. வளைந்து திரும்பும்போது உடல் எடை பன்மடங்காவதையும், உயிரச்சத்தையும் அதனால் முழுமையாகத் தர முடியாது. அதற்கு இடைநிலைப் பயிற்சி ஜெட் விமானம் தேவை. 1982-இல் அமைக்கப்பட்ட லா ஃபோன்டைன் குழு இதனைப் பரிந்துரைத்தது. ஆயினும் 66 ஹாக் விமானங்களுக்கான ஒப்பந்தம் 2004-இல்தான் கையெழுத்தானது. 2008-இல்தான் அவை கர்நாடகத்தின் பீதர் தளத்தில் படையில் சேர்க்கப்பட்டன.

இடைப்பட்ட காலத்தில், மெதுவாகப் பறக்கும் கிரண் போன்ற விமானங்களில் பயின்ற இளைஞர்கள் ஒலியை மிஞ்சும் மிக்-21-க்கு மாற நேர்ந்தது. வாங்கப்பட்ட 872 மிக் விமானங்களில் 482 விபத்துக்குள்ளானதாகவும், 171 விமானிகள் உயிரிழந்ததாகவும் 2012-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். இயந்திரக் கோளாறுடன் மனிதத் தவறும் காரணமாகக் கூறப்பட்டது. அந்தத் தவறுகள் அனைத்தையும் விமானிகளின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றுவிட்டன. அந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஓய்வு பெறவில்லை.

எய்யாதிருக்கும் கலை

2019 பிப்ரவரி 27-ஆம் தேதி, காஷ்மீரின் பட்காம் அருகே நமது எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை, தரையிலிருந்து ஏவப்பட்ட நமது ஏவுகணையே வீழ்த்தியது. விமானப் படையினர் 6 பேரும் பொதுமக்களில் ஒருவரும் மாண்டனர். அது பெருந்தவறு என அவ்வாண்டு அக்டோபரில் விமானப் படைத் தளபதி பதௌரியா ஒப்புக்கொண்டார். இலக்கைக் குறிவைப்பது பாதிப் பாடமே. இலக்கு யாருடையது என்று உறுதியாகும்வரை விரலைத் தடுத்து நிறுத்துவதுதான் மீதிப் பாடம். பதற்றமும் குழப்பமும் நிறைந்த சூழலைச் செயற்கையாக உருவாக்கி, மீண்டும் மீண்டும் பழகினால்தான் அது கைவரும். தரையில் இருப்பவருக்கும் வானில் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கை விவாதமின்றியே நிறைவேறிய ஆண்டுகள் உண்டு. இனி வரும் ஆண்டுகளிலாவது, எத்தனை ஏவுகணைகள் என்று கேட்கும் உறுப்பினர்கள், எத்தனை மணி நேரப் பயிற்சி என்றும் கேட்க வேண்டும். விடைக்காகக் காத்திருப்பவர்கள், இருபத்திரண்டு வயதில் அந்த இருக்கையில் அமரும் நம் வீட்டுப் பிள்ளைகள்.