ஜப்பான்ல கட்டின பென்ஷன் பணம்: பிடிச்ச 20.42% வரியைத் திரும்ப வாங்குவது எப்படி?



ஜப்பான்ல மூணு வருஷம் வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்பி வந்துட்டீங்க. அங்க சம்பளத்துல மாசாமாசம் பிடிச்ச பென்ஷன் பணத்துக்கு விண்ணப்பம் போட்டீங்க. சில மாசம் கழிச்சு பேங்க்ல பணமும் வந்துடுச்சு. கூடவே ஒரு கடிதமும் வருது. அதுல மொத்தத் தொகை ஒண்ணு, பிடிச்ச வரி ஒண்ணு, கைக்கு வந்தது ஒண்ணு. வரி மட்டும் 20.42%.

"சரி, வெளிநாட்டு வரி, நம்மால என்ன பண்ண முடியும்"னு அந்தக் கடிதத்தை ஃபைல்ல போட்டுட்டு நிறைய பேர் மறந்துடுறாங்க. ஆனா அந்த வரியில பெரும்பகுதி, பல பேருக்கு முழுசாவே, திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். கேட்டாத்தான் கொடுப்பாங்க, கேட்காதவங்களுக்குத் தானா வராது. வீடியோல இந்தக் கணக்கை வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க நிதானமா, ஒவ்வொரு படியா பார்க்கலாம்.

முதல்ல உங்க சம்பளச் சீட்டைப் பாருங்க

ஜப்பான் போற எல்லாருக்கும் இது பொருந்தாது. ரெண்டு வகை இருக்கு.

முதல் வகை: இந்தியக் கம்பெனி உங்களை டெபுடேஷன்ல அனுப்புது. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையில ஒரு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1-லிருந்து அமல்ல இருக்கு. அதன்படி, இபிஎஃப்ஓ கிட்ட கவரேஜ் சான்றிதழ் வாங்கிட்டுப் போனா, 5 வருஷம் வரைக்கும் ஜப்பான் பென்ஷனுக்குக் கட்ட வேண்டியதில்ல. உங்க பிஎஃப் இங்கயே ஓடிட்டு இருக்கும். அங்க கட்டவே இல்லைன்னா திரும்ப வாங்கவும் ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது வகை: ஜப்பான் கம்பெனியிலயே நேரடியா வேலைக்குச் சேர்ந்தவங்க. இவங்க சம்பளச் சீட்டுல "கோசேய் நென்கின்"னு ஒரு பிடித்தம் இருக்கும். ஊழியர் பென்ஷன் காப்பீடு அதுதான். மொத்த விகிதம் 18.3%. பாதி கம்பெனி, பாதி நீங்க. அதாவது உங்க பங்கு 9.15%. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எவ்வளவு வரும்?

6 மாசமோ அதுக்கு மேலயோ கட்டி, 10 வருஷம் முடியறதுக்குள்ள ஜப்பானை விட்டுக் கிளம்புற வெளிநாட்டவருக்கு ஒரே தவணையா ஒரு தொகை கொடுப்பாங்க. பேரு "தத்தாய் இச்சிஜிகின்". ஜப்பான்ல முகவரி இல்லாமப் போன நாள்லேருந்து 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். அதைத் தாண்டினா அவ்வளவுதான்.

கணக்கு ரொம்ப சுலபம். போனஸும் சேர்த்து உங்க சராசரி மாசச் சம்பளத்தை எடுத்துக்குங்க. 12 மாசம் கட்டியிருந்தா அதை 1.1 ஆல பெருக்கணும். 24 மாசம்னா 2.2, 36 மாசம்னா 3.3, 60 மாசம்னா 5.5.

சராசரி 3,20,000 யென், 36 மாசம்னு வச்சுக்குவோம்.

3,20,000 × 3.3 = 10,56,000 யென்.

இப்ப இன்னொரு கணக்கு. உங்க சம்பளத்துல 9.15% வீதம் 36 மாசம் பிடிச்சது எவ்வளவு? 10,54,080 யென். கிட்டத்தட்ட அதே தொகை! அதாவது உங்க கையிலேருந்து போனது மட்டும்தான் திரும்ப வருது. வட்டி கிடையாது, கம்பெனி போட்ட பாதியும் கிடையாது. இதை மனசுல வச்சுக்குங்க. 20.42% வெட்டுறது ஏதோ இனாமா வந்த பணத்துல இல்ல, நீங்க சம்பாதிச்சுக் கட்டின பணத்துலதான்.

20.42% எங்கேருந்து வந்துச்சு?

இந்தப் பணம் உங்களுக்கு வரும்போது நீங்க ஜப்பான்ல குடியிருப்பவர் இல்ல. குடியிருப்பவர் அல்லாதவருக்கு நேரடியா 20% பிடிப்பாங்க. அதுக்கு மேல, 2011 பூகம்பத்துக்கு அப்புறம் மறுசீரமைப்புக்காகப் போட்ட கூடுதல் வரி, அதாவது வரித்தொகையில 2.1%. ரெண்டும் சேர்ந்து 20.42%.

நம்ம உதாரணத்துல 10,56,000-ல் 20.42% = 2,15,635 யென். ஒரு யென் 55 பைசான்னு வச்சுக்கிட்டா சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் ரூபாய். சின்னத் தொகை இல்ல பாருங்க.

இதை ஏன் திருப்பித் தர்றாங்க?

ஜப்பான்ல குடியிருக்கிற ஒருத்தர் இதே மாதிரி ஓய்வுப் பணம் வாங்கினா அவருக்கு "ஓய்வு வருமானக் கழிவு" உண்டு. சேவை செஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 4,00,000 யென். ரெண்டு வருஷத்துக்குக் குறைவா இருந்தாலும் குறைந்தபட்சம் 8,00,000 யென். அரைகுறையா இருக்கிற மாசங்களை முழு வருஷமா எடுத்துக்குவாங்க. அதாவது 37 மாசம்னா 4 வருஷம்.

நாடு திரும்பினவரும் "என்னையும் குடியிருப்பவர் மாதிரியே கணக்குப் போடுங்க"ன்னு கேட்கலாம். சட்டத்துலயே இதுக்கு வழி இருக்கு. கேட்டா என்ன ஆகும்?

உங்க தொகை 10,56,000. மூணு வருஷத்துக்குக் கழிவு 12,00,000. கழிவே அதிகம். அதனால வரி பூஜ்யம். பிடிச்ச 2,15,635 யென்னும் திரும்ப வரும்.

சம்பளம் கொஞ்சம் அதிகம்னா? சராசரி 5,00,000 யென், 36 மாசம்னு வச்சுப் பார்க்கலாம்.

• தொகை: 16,50,000 யென்
• பிடிச்ச வரி: 3,36,930 யென்
• கழிவு போக மீதி: 4,50,000 யென்
• அதுல பாதிக்குத்தான் வரி: 2,25,000 யென்
• 5% வரி, கூடுதல் வரியோட: சுமார் 11,500 யென்
• திரும்ப வருவது: சுமார் 3,25,000 யென்

ஒரு சின்னக் கட்டைவிரல் கணக்கு சொல்றேன். உங்க சராசரி மாசச் சம்பளம் 3,63,000 யென்னுக்குள்ள இருந்தா, வருஷத்துக்கு 1.1 மடங்கு போட்டாலும் 4 லட்சத்தைத் தாண்டாது. அப்ப வரியே வராது, முழுசும் ரீஃபண்ட். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க: அதே வருஷத்துல கம்பெனி தனியா ஓய்வுத்தொகை ஏதாவது கொடுத்திருந்தா அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

கொஞ்சம் நில்லுங்க: பணத்தை எடுக்கணுமா?

ரீஃபண்ட் கணக்கைப் பார்த்ததும் உடனே படிவத்துல கையெழுத்துப் போடத் தோணும். அதுக்கு முன்னாடி இதை அவசியம் படிங்க. இந்தத் தொகையை வாங்கிட்டா, ஜப்பான்ல நீங்க கட்டின மாசங்கள் மொத்தமா அழிஞ்சிடும். கட்டவே இல்லைங்கிற மாதிரி ஆயிடும்.

அதனால என்ன நஷ்டம்? ஜப்பான்ல முதியோர் பென்ஷன் வாங்க 10 வருஷம் தேவை. மேல சொன்ன ஒப்பந்தத்துல, இந்தியாவுல இபிஎஃப்ல இருந்த காலத்தையும் அந்தத் தகுதிக்குச் சேர்த்துக் காட்டலாம். அங்க 3 வருஷம், இங்க 7 வருஷம் ஆனா 10 ஆச்சு. ஜப்பான்ல கட்டின 3 வருஷத்துக்கு உண்டான பென்ஷன் 65 வயசுலேருந்து வரும்.

எவ்வளவு வரும்? நம்ம முதல் உதாரணத்துக்கே போடலாம். சம்பளத்தைப் பொறுத்த பங்கு வருஷத்துக்குச் சுமார் 63,000 யென். அடிப்படைப் பென்ஷன் 40 வருஷம் கட்டினவருக்கு 2025 ஏப்ரல்ல தொடங்கின நிதியாண்டுல வருஷத்துக்கு 8,31,700 யென். 36 மாசத்துக்கு அதுல சுமார் 62,000. ரெண்டும் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 1,25,000 யென், உயிரோட இருக்கிற வரைக்கும்.

இப்ப எடுத்தா 10,56,000. விட்டுவச்சா 65-லிருந்து வருஷத்துக்கு 1,25,000. எட்டரை வருஷத்துல, அதாவது 73, 74 வயசுல சமம் ஆகும். அதுக்கு மேல இருந்தா லாபம்.

உங்களுக்கு இப்ப 28 வயசுன்னா 37 வருஷம் காத்திருக்கணும். அதே பணத்தை இன்னைக்கே வாங்கி ஒழுங்கா முதலீடு செஞ்சா நிலைமையே வேற. வீட்டுக்கடன் ஓடுது, தங்கச்சி கல்யாணம் இருக்குன்னா கேள்வியே இல்ல. ஆனா 40 வயசுக்கு மேல போயி, 8 வருஷம் கட்டினவருக்குப் பதில் வேற மாதிரி வரும். ஏன்னா இப்ப இருக்கிற விதிப்படி 60 மாசத்துக்கு மேல எவ்வளவு கட்டியிருந்தாலும் 5.5 மடங்குதான் கொடுப்பாங்க, ஆனா அழியறது எட்டு வருஷமும். இந்த வரம்பை 8 வருஷமா உயர்த்த வழி செய்யற சட்டத் திருத்தம் 2025-ல் வந்திருக்கு. நீங்க கிளம்புற நாள்ல எது அமல்ல இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. திரும்ப ஜப்பான் போற எண்ணம் இருந்தாலும் அவசரப்படாதீங்க.

ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

எடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? அப்ப வரிசையா இதைச் செய்யுங்க.

1. நகராட்சி அலுவலகத்துல "தென்ஷுட்சு தோதோகே" கொடுங்க. வெளியேறுறேன்னு சொல்ற அறிவிப்பு இது. இதைக் கொடுக்காம வந்துட்டா பதிவேட்டுல உங்க முகவரி அங்கயே இருக்கும், விண்ணப்பம் நிக்கும்.

2. ஒரு "நோஸேய் கன்ரினின்" பிடிங்க. வரி விஷயத்துல உங்க சார்பா இருக்கிற ஆள். ஜப்பான்ல குடியிருக்கணும், அவ்வளவுதான் முக்கியம். ஜப்பானியரா இருக்கணும்னு இல்ல, வரி நிபுணராவும் இருக்க வேண்டியதில்ல. ரூம்ல கூட இருந்த நண்பரே போதும். உங்க கடைசி முகவரிக்கு உரிய வரி அலுவலகத்துல இவரை நியமிச்சதா ஒரு படிவம் கொடுக்கணும்.

3. பென்ஷன் எண் இருக்கிற காகிதம், பாஸ்போர்ட் நகல், உங்க பேர்லயே இருக்கிற பேங்க் கணக்கோட சான்று. இதெல்லாம் ஒரே கவர்ல வச்சுக்குங்க. ஊருக்கு வந்ததும் விண்ணப்பத்தோட சேர்த்து ஜப்பான் பென்ஷன் சர்வீஸுக்குத் தபால்ல அனுப்புங்க.

4. பணம் வந்ததும் வர்ற முடிவுக் கடிதத்தைப் பத்திரமா வைங்க. பிடிச்ச வரிக்கு அதுதான் ஆதாரம். ஒரிஜினலை உங்க பிரதிநிதிக்கு அனுப்பணும்.

5. அடுத்த ஜனவரி பிறந்ததும் உங்க பிரதிநிதி வரி அலுவலகத்துல ரிட்டர்ன் தாக்கல் பண்ணலாம். ரீஃபண்ட் பொதுவா அவரோட ஜப்பான் கணக்குக்குப் போகும், அங்கேருந்து உங்களுக்கு அனுப்புவார்.

அந்த அஞ்சாவது படியிலதான் நம்பிக்கை தேவைப்படுது. லட்ச ரூபாய்க்கு மேல ஒருத்தர் கணக்குல போய் விழும். நெருங்கின நண்பரா இருந்தாலும் எவ்வளவு வரும், எப்ப அனுப்பணும், அனுப்புற செலவு யாருதுன்னு ஒரு மெயில்ல எழுதி வச்சுக்குங்க. அது சந்தேகம் இல்ல, ரெண்டு பேருக்கும் நல்லது. ஆளே கிடைக்கலைன்னா கட்டணம் வாங்கிட்டு இதைச் செய்யற வரி ஆலோசகர்கள் அங்க இருக்காங்க. கட்டணம் எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுக்குங்க.

ஏற்கெனவே திரும்பி வந்துட்டீங்களா?

பென்ஷன் தொகைக்கு 2 வருஷம்தான். ஆனா வரி ரீஃபண்டுக்கு 5 வருஷம் இருக்கு. பணம் வந்ததுக்கு அடுத்த வருஷம் ஜனவரி 1-லிருந்து அது ஆரம்பிக்கும். 2023-ல் பணம் வந்திருந்தா 2028 டிசம்பர் 31 வரைக்கும் கேட்கலாம். கிளம்பும்போது பிரதிநிதியை நியமிக்கலைன்னாலும் பரவாயில்ல, இப்பவும் நியமிக்கலாம். நோகோயாவிலயோ யோகோஹாமாவிலயோ இன்னும் இருக்கிற பழைய டீம் நண்பருக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்க.

நம்ம ஊரு வரியை மறந்துடாதீங்க

ரெண்டு மூணு வருஷம் மட்டும் வெளிய இருந்துட்டு வந்தவங்க பெரும்பாலும் சீக்கிரமே இங்க முழுமையான குடியிருப்பவர் ஆயிடுவாங்க. அப்ப உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் ரிட்டர்ன்ல காட்டணும். அங்க மூடாம விட்ட பேங்க் கணக்கு இருந்தா வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில அதையும் காட்டணும். அந்த வருஷ ரிட்டர்னை மட்டும் வெளிநாட்டு வருமானம் பார்த்துப் பழக்கப்பட்ட ஆடிட்டர்கிட்ட கொடுங்க. முடிவுக் கடிதத்தோட நகலை அவருக்கும் ஒண்ணு கொடுத்துடுங்க.

கடைசியா ஒரே வேலை. இன்னைக்கு ராத்திரி அந்தப் பழைய ஜப்பான் ஃபைலைத் தேடி எடுங்க. முடிவுக் கடிதத்துல இருக்கிற தேதியைப் பாருங்க. 5 வருஷம் முடியலைன்னா அது இன்னும் உங்க பணம்தான். இப்ப ஜப்பான்ல இருக்கிற நண்பர் யாராவது ஊருக்குக் கிளம்பத் தயாராகுறார்னா, பெட்டி கட்டுறதுக்கு முன்னாடியே இதை அவருக்கு அனுப்பிடுங்க.