அழிந்த ஊர்வனவும் 'படைப்பு வகை'க் கணக்கும்

கந்தப்பளைத் தேயிலைச் செடிகளிடையே பச்சை ஓணானைக் காணாதார் அரியர். நுவரெலியாப் பகுதியின் மலைக்காடுகளில் மூக்கின் நுனியிற் கொம்புடைய ஓணானும் வாழ்கின்றது. இவ்விரண்டும் ஒரு மூலத்தினின்றும் கிளைத்தவையா, வெவ்வேறாகப் படைக்கப்பட்டவையா? இவ்வினாவைக் கணக்கினால் தீர்க்கலாம் என்போர் உளர்.

1941இல் பிராங்க் மார்ஷ் என்பார் எபிரேயச் சொற்கள் இரண்டை இணைத்துப் 'பராமின்', அதாவது படைப்பு வகை, என்னும் சொல்லை ஆக்கினார். 1998இல் ரொபின்சன், கவனோ ஆகிய இருவர் அதற்கொரு புள்ளிவிபர முறை வகுத்தனர். உயிரிகளின் இயல்புகள் அட்டவணைப்படுத்தப்படும். இரண்டு உயிரிகள் எத்தனை இயல்புகளில் வேறுபடுகின்றனவோ அவ்விகிதமே அவற்றின் தூரம். ஏனையவற்றிலிருந்து அவ்விரண்டும் கொண்ட தூரங்கள் ஒருங்கே ஏறி இறங்கின் ஒரே வகை. ஒன்று ஏற மற்றது இறங்கின் வெவ்வேறு வகை.

கணிதத்திற் பிழையில்லை, பிழை வேறிடத்தில் உள்ளது. கொம்போணான் மூன்றையும் பச்சை ஓணான் மூன்றையும் மட்டும் அட்டவணையில் இடுக; இரு 'வகைகள்' பிரியும். அதே அட்டவணையில் ஆமைகளையும் முதலைகளையும் சேர்த்திடுக. ஓணான்கள் யாவும் அவற்றினின்று தொலைவில் நிற்பதால் ஒரே வகையாகிவிடும். ஓணான்கள் மாறவில்லை, அயலாரே மாறினர். படைப்பின் எல்லை, ஆய்வாளர் யாரை அழைத்தார் என்பதில் தங்கியிருக்கலாமா?

அழிந்த ஊர்வனவில் இடர் மிகும். உயிர்ச்சுவடுகள் பெரும்பாலும் உடைந்த எலும்புகளே. பல உயிரிகளில் அறியப்படாத இயல்புகளை இம்முறை நீக்கிவிடுகின்றது. எஞ்சுவது சிறு பங்கு. மேலும், இன்று காணப்படும் இடைவெளியை நாளை தோண்டியெடுக்கப்படும் ஓர் எலும்புக்கூடு நிரப்பிவிடக்கூடும். பில் செண்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2010இலும் 2011இலும் படைப்புவாதிகளின் கருவிகளையே கையிலெடுத்துத் தைனோசர்களை ஆராய்ந்தார். இரைகௌவித் தைனோசர்களுக்கும் தொல்பறவைகளுக்கும் இடையே பிரிவெல்லை கிட்டவில்லை, தொடர்ச்சியே கிட்டியது. அவர்தம் அளவுகோலே கூர்ப்புக்குச் சான்று பகர்ந்தது எனலாம்.

எண் வந்தவுடன் ஐயம் ஒழிந்தது எனக் கருதும் பழக்கம் நம் வகுப்பறைகளிலும் உண்டு. நம் கொம்போணானையே மீண்டும் நோக்குவோம். இலங்கைக்கே உரிய இச்சாகியத்தின் மரபணுக்களை 2002இல் ஆராய்ந்தோர், அதன் இனங்களிடையே மூக்குக்கொம்பு தனித்தனியே, ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியதெனக் கண்டனர். அட்டவணையிலோ அவையனைத்துக்கும் 'கொம்பு உண்டு' என்ற ஒரே குறிதான்.