கூரை, கட்டில், பூட்டு

தை பிறந்ததும் அக்கா மகன் துனிஸ் போகிறான். துனிசியாவின் தலைநகரில் பத்து நாள் வேலை. தங்கும் செலவுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, இடத்தை நீயே பார்த்துக்கொள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் போனை என் முன்னால் நீட்டினான்.

"மாமா, ஊருக்கு நடுவுல ஒரு சின்ன ஓட்டல். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரூமுக்குள்ள வாஷ்பேசினும் ஷவரும் இருக்கு, டாய்லெட் வராந்தாவுல பொது. காலைல டிபன் உண்டு. இல்லேன்னா ஏரிப் பக்கம் பெரிய ஓட்டல் இருக்கு, வாடகை மூணு மடங்கு. எதைப் போடட்டும்?"

பல வருஷங்களுக்கு முன்னால், ஓர் ஆகஸ்ட் மாதம், அதே மாதிரி ஓர் இடத்தில் பதினோரு நாள் தங்கியவன் நான். சின்னதையே போடு என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட இடம் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் போனால் எல்லாமே குறையாகத் தெரியும். தெரிந்துகொண்டு போனால் அதைவிட நல்ல தங்கல் கிடைக்காது. இரண்டு டம்ளர் டீ வந்தது. விளக்கத் தொடங்கினேன்.

முதலில் ஊரின் அமைப்பு. துனிஸை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்க்க வேண்டும். மேற்கே மெதினா என்கிற பழைய நகரம்: சந்துகள், கடைத்தெருக்கள், நடுவில் ஸைத்தூனா பள்ளிவாசல். யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி அது. கிழக்கே ஏரி. இரண்டுக்கும் நடுவில் இருந்த சதுப்பு நிலத்தைத் தூர்த்து, நேர்கோட்டுத் தெருக்கள் போட்டுக் கட்டியது புது நகரம். 1881 முதல் 1956 வரை பிரான்சின் ஆளுகையில் இருந்தபோது வளர்ந்த பகுதி. இதன் முதுகெலும்பு ஹபீப் புர்கீபா அவென்யூ. ஒரு முனைக்குச் சற்று அப்பால் மெதினாவின் வாசலான பாப் அல் பஹர், அதாவது கடல் வாசல். மறுமுனையில் கடலோர ஊர்களுக்குப் போகும் டி.ஜி.எம். ரயில் நிலையம். சின்ன ஓட்டல்கள் பலவும் இந்தச் சாலையை ஒட்டிய குறுக்குத் தெருக்களில்தான். அங்கே தங்குகிறவருக்கு மெதினாவும் மார்க்கெட்டும் ரயிலும் நடந்து போகும் தூரம். ஏரிப் பக்கத்துப் பெரிய ஓட்டலில் தங்குகிறவர் ஒரு டீ குடிக்கவும் டாக்சி பிடிக்க வேண்டும்.

"அது சரி மாமா, லிஃப்ட் ஏன் இல்ல?"

ஏனென்றால் பல கட்டடங்கள் ஓட்டலுக்கென்று கட்டியவையே அல்ல. நூறு வருஷத்துக் குடியிருப்புகள். கீழே கடை, மேலே வீடுகள், உயரமான கூரை, இரும்புக் கம்பிப் பால்கனி. அதில் ஒரு மாடியையோ இரண்டு மாடியையோ பிரித்து அறைகளாக்கினார்கள். வாஷ்பேசினை அறைக்குள் வைக்க ஒரு குழாய் போதும். டாய்லெட்டுக்குப் பெரிய கழிவுக்குழாய் வேண்டும். அதை ஒவ்வொரு அறைக்கும் இழுக்க முடியாது. அதனால் வராந்தாவின் கோடியில் பொதுவாக வைத்தார்கள். அவர்களும் நம்மைப் போலத் தண்ணீர்ப் பழக்கம் உள்ளவர்கள்தான். பக்கத்தில் கைக்குழாய் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம் என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னேன். அங்கே ஓட்டல் பலகைகளில் அரபியில் 'நுஸுல்' என்று எழுதியிருக்கும். வாகனத்திலிருந்து இறங்குவது, ஓரிடத்தில் தங்குவது, இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல். வந்து இறங்கும் இடம் என்று பொருள். அதற்கு முந்தைய பெயர் ஃபுந்துக். கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்து, இத்தாலியில் 'ஃபோந்தாகோ' ஆகி, மத்தியதரைக் கடல் முழுவதும் சுற்றிய சொல் அது. நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம், வெளியே போக ஒரே வாசல். கீழே சரக்கும் கழுதை ஒட்டகமும், மேலே வரிசையாகச் சின்ன அறைகள். இரவில் வாசலைப் பூட்டிவிடுவார்கள். பாயும் போர்வையும் பயணி கொண்டு வர வேண்டும். சாப்பாட்டை அவரே சமைக்க வேண்டும், அல்லது தெருவில் வாங்க வேண்டும். நம் பெருவழிச் சத்திரங்களை அறிந்தவருக்கு இது புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர்களுக்காகக் கட்டிய ஃபுந்துக் ஒன்று மெதினாவில், கடல் வாசலுக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது.

அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் இன்றைய சின்ன ஓட்டலும் புரிந்துவிடும். விடுதி கொடுப்பது கூரை, கட்டில், பூட்டு. மற்றதை ஊர் கொடுக்கும். பெரிய ஓட்டல் ஊர் கொடுக்க வேண்டியதையும் தானே கொடுப்பதாகச் சொல்லித்தான் மூன்று மடங்கு வாங்குகிறது.

அடுத்து, போய் இறங்குவது. விமான நிலையம் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். மஞ்சள் டாக்சிகளில் மீட்டர் உண்டு. இரவு 9 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு கட்டணம். அது விதிப்படிதான், ஏமாற்று அல்ல. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு தினாருக்கு நூறு பைசா மாதிரி இல்லை, ஆயிரம் மில்லிம். மீட்டரில் 8.450 என்று இருந்தால் எட்டு தினார், நானூற்றைம்பது மில்லிம். பேச்சில் அதையே ஆயிரத்தில் சொல்வார்கள். கடைக்காரர் பத்தாயிரம் என்றால் பத்து தினார் என்று அர்த்தம். முதல் நாள் ஒரு பழக்கடையில் இதைக் கேட்டுத் திகைத்து, எடுத்த ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். கடைக்காரப் பெரியவர் என் கையிலிருந்த ஒரு நோட்டைத் தொட்டுக் காட்டி, மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தார். தினாரை நாட்டுக்குள் கொண்டுபோகவும் கூடாது, வெளியே எடுத்து வரவும் கூடாது. அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும். மாற்றிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் மிச்சத்தைத் திரும்ப மாற்றலாம்.

வரவேற்பு மேசையில் ஒரு படிவம் தருவார்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், தொழில், எங்கிருந்து வருகிறீர்கள் என்பது போன்ற விவரங்கள். போலீசுக்குப் போகும் படிவம் அது. எல்லா ஓட்டலிலும் உண்டு. எழுதி முடித்ததும் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு சாவி. கனத்த பித்தளை வில்லையோடு இருக்கும். வெளியே போகும்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கனம். மேசையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பலகையில் சாவி தொங்கினால் ஆள் வெளியே என்று அர்த்தம், அறையைக் கூட்டலாம் என்று அர்த்தம். சாவியை வாங்கும் ஒவ்வொரு முறையும் மேசைக்காரர் உன் முகத்தைப் பார்க்கிறார். மூன்றாம் நாள் எண்ணைச் சொல்வதற்கு முன்பே சாவி கைக்கு வந்துவிடும்.

அறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ஜன்னலின் மரக்கதவு. சாய்வான பலகைகள் அடுக்கடுக்காக வைத்தது. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் இருப்பதும் இதே கதவுதான். பலகைகள் வெளிப்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருப்பதால் வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். இதை ஆள ஒரு முறை இருக்கிறது. நான் ஆகஸ்டில் போன முதல் நாள், காற்று வரட்டும் என்று மத்தியானம் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு வெளியே போனேன். சாயங்காலம் வந்தால் சுவரே சுட்டது. கூட்ட வந்த அம்மா மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, பேச்சில்லாமல் செய்து காட்டினார்: வெயில் ஏறும் முன் மரக்கதவைச் சாத்தி, கண்ணாடிக் கதவையும் சாத்தி, சூரியன் இறங்கியதும் இரண்டையும் விரியத் திறப்பது. அன்றிலிருந்து அறை குளிர்ந்தது. தையில் போகிறவனுக்கு நேர்மாறான கவலை. இரவில் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும், கல்தரை சில்லென்றிருக்கும், சூடாக்கும் வசதி பெயரளவில் இருக்கும். போனவுடனேயே இன்னொரு கம்பளி கேட்டுவிட வேண்டும். சுடுதண்ணீர் பொதுத் தொட்டியிலிருந்து வருகிறதா என்று கேட்டுக்கொள். அப்படியென்றால் எல்லோரும் எழும் முன் குளித்துவிடு. மூன்று உருண்டைக் கால் வைத்த நம் பிளக் அங்கே சேராது. போன் சார்ஜரின் இரண்டு கால் பிளக் பெரும்பாலும் சேரும்.

"டிபன்னா என்ன தருவாங்க?"

பால் கலந்த காபி, வெண்ணெய், அத்தியோ ஆப்ரிகாட்டோ ஒரு ஜாம், நீள ரொட்டி. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த ரொட்டியை மதித்துச் சாப்பிட வேண்டும். அது அடுப்பிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பாகெத் என்று பிரெஞ்சுப் பெயர். 220 கிராம், விலை 190 மில்லிம். ஒரு தினாருக்கு ஐந்து கிடைக்கும். அரசாங்கம் மானியம் கொடுத்துப் பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருக்கும் விலை அது. ஏன் ஏற்றத் தயங்குகிறார்கள் என்பதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கிறது. 1983 டிசம்பர் கடைசியில் மாவு, ரொட்டி விலையை ஒரேயடியாக இரட்டிப்புக்கு மேல் ஏற்றினார்கள். தெற்கில் தொடங்கிய கொந்தளிப்பு சில நாளில் தலைநகருக்கு வந்தது. ராணுவம் இறங்கியது, பலர் செத்தார்கள். 1984 ஜனவரி 6ஆம் தேதி அதிபர் புர்கீபா தொலைக்காட்சியில் வந்து விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றார். அந்த ஊரில் காய்ந்த ரொட்டியைக் குப்பையோடு சேர்க்க மாட்டார்கள். தனிப் பையில் போட்டுச் சுவரோரம் வைத்திருப்பார்கள். ஆடுமாட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

காய்ந்த ரொட்டிக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓட்டலை நம்பாதே, லப்லாபி கடையைத் தேடு என்றேன். ஒரு மண் கிண்ணத்தையும் பழைய ரொட்டித் துண்டையும் கையில் கொடுப்பார்கள். பிய்ப்பது நம் வேலை. பக்கத்து ஆளைப் பார்த்துச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால், வேகவைத்த கொண்டைக்கடலையைக் கொதிக்கக் கொதிக்கச் சாற்றோடு ஊற்றுவார். மேலே சீரகப் பொடி, ஹரீஸா என்கிற மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய், அரைவேக்காட்டு முட்டை. இரண்டு கரண்டியால் அடித்துக் கலக்கி நீட்டுவார். சூரை மீன் போடட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாதவர் வேண்டாம் எனலாம். ஜனவரிக் குளிரில் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதே பாதிச் சுகம். சாப்பிட்ட பிறகு டீ. பச்சைத் தேயிலையில் புதினா போட்டுக் கண்ணாடித் தம்ளரில் வரும். மேலே பைன் கொட்டைகள் மிதக்கும். குடித்து முடித்து அடியில் தங்கியதை மெல்வதற்காகவே நான் இன்னொன்று கேட்பேன்.

அவன் டம்ளர் காலியாகிவிட்டது. கடைசியாக ஓர் ஆளைப் பற்றிச் சொன்னேன். 1325ஆம் ஆண்டு, இருபத்தோரு வயதில், தனியாக வீட்டைவிட்டுக் கிளம்பி, வழியில் கூட்டம் சேர்ந்து துனிஸுக்கு வந்தான் ஒரு பையன். கூட வந்தவர்களை ஊர்க்காரர்கள் எதிர்கொண்டு நலம் விசாரித்தார்கள். அவனை யாருக்கும் தெரியாது, யாரும் ஸலாம் சொல்லவில்லை. அழுதுவிட்டான். அதைக் கவனித்த ஒரு யாத்ரீகர் அருகில் வந்து, ஸலாம் சொல்லி, ஊருக்குள் போகும்வரை பேசிக்கொண்டே வந்தார். அன்று அவன் தங்கியது புத்தக வியாபாரிகள் மதரசாவில். அவன்தான் பல நாடுகள் சுற்றிய பயணி இப்னு பதூதா. பிற்பாடு, 1340களில், நம் மதுரைக்கும் வந்து, கொள்ளைநோய் நடுவில் காய்ச்சலோடு கிடந்தவர். அத்தனை நாடுகளைப் பார்த்தபின் பிற்காலத்தில் பயணக் கதையைச் சொன்னபோதும், துனிஸ் வாசலில் அழுததையும் ஒருவர் வந்து ஸலாம் சொன்னதையும் அவர் விட்டுவிடவில்லை.

அதனால் மேசைக்காரர் சொல்லட்டும் என்று காத்திருக்காதே. நீயே முதலில் 'அஸ்லாமா' என்று சொல்லு. அவர்கள் வணக்கம் அது. நன்றிக்கு 'ஐஷெக்'. இந்த இரண்டு சொல் போதும்.

அவன் போனை எடுத்து அறையைப் பதிவுசெய்ய ஆரம்பித்தான். பிறகு நிமிர்ந்தான்.

"மாமா, தெருப்பக்க ரூமா, உள்பக்க ரூமான்னு கேக்குது. எதைக் கேக்கட்டும்?"

இது நல்ல கேள்வி. குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரும் மைனா இனப் பறவைகள் புர்கீபா அவென்யூவின் மரங்களில் ஆயிரக்கணக்கில் அடையும். பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாது. கருக்கலில் மறுபடி ஒரு முறை கத்திவிட்டுக் கிளம்பும்.

"மொதல் ரெண்டு ராத்திரி உள்பக்கம் கேளு. அலுப்புத் தீரத் தூங்கு. மூணாம் நாள் சாவி வாங்குறப்ப தெருப்பக்கம் மாத்தித் தர முடியுமான்னு கேட்டுப் பாரு. அதுக்குள்ள அவங்களுக்கு உன் முகம் தெரிஞ்சிருக்கும்."