புழுக்கையில் தெரியாத புழு

காட்டு மான்களில் நூற்றுக்கு இத்தனைக்குப் புழு இருக்கிறது என்று யாராவது கணக்குச் சொன்னால், எங்கே தேடிப் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வாழும் வெண்வால் மானின் மூளைப்புழுவை வைத்தே இதைச் சொல்கிறேன்.

மயிரிழை போன்ற அந்தப் புழு மானின் மூளையைப் போர்த்திய சவ்வுகளில் குடியிருக்கும். அதன் முட்டைகள் ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய்ப் பொரியும். இளம்புழுக்கள் இருமலில் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, புழுக்கையின் மேல் படிந்த சளியோடு வெளியே வரும். அதன்மேல் ஊரும் நத்தையின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய்ச் சில வாரம் வளரும். தழையோடு நத்தையையும் மான் மென்றுவிட்டால், முதுகுத்தண்டு வழியாக மறுபடி மூளைக்குப் போய்விடும். வெண்வால் மானுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே நத்தையை மூஸ் என்ற பெரிய மானினம் தின்றால் கால் தள்ளாடும், சுற்றிச் சுற்றி வரும், கடைசியில் விழுந்து சாகும். பல பத்தாண்டுகள் புரியாமல் இருந்த இந்த நோய்க்கு மூளைப்புழுவே காரணம் என்று 1960களில் கனடாவின் ராய் ஆண்டர்சன் நிரூபித்தார்.

சரி, எப்படி எண்ணுகிறார்கள்? புழுக்கையைத் துணியில் முடிந்து, தண்ணீர் நிரப்பிய புனலில் வைப்பார்கள். டிகாக்‌ஷன் இறங்குவதுபோல இளம்புழுக்கள் மெல்ல அடியில் வந்து சேரும். மானைக் கொல்ல வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த முறை. ஆனால் ஒரு மானின் தலையில் இருப்பவை பெரும்பாலும் சில புழுக்களே. அவை எல்லாம் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்துவிட்டால் முட்டை ஏது? தொற்றி ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்வரையும் புழுக்கையில் எதுவும் தெரியாது. போதாக்குறைக்கு, மானின் தசையில் வாழும் வேறொரு புழுவின் இளம்புழுவும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். மரபணுச் சோதனைதான் பிரித்துக் காட்டும். தலையைத் திறந்து தேடியவர்களின் கணக்கும் புழுக்கையைப் பார்த்தவர்களின் கணக்கும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

பரவலைத் தீர்மானிப்பதில் மானைவிட நிலத்துக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம். வெண்வால் மான் மேற்கிலும் உண்டு. நத்தைக்கு ஈரம் போதாத நடுப்புல்வெளியைத் தாண்டி இந்தப் புழு அங்கே வேரூன்றவில்லை. மனிதர்கள் மானை வண்டியில் ஏற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய்விடக் கூடாதே என்பதுதான் அங்குள்ளவர்களின் கவலை. எனக்கும் அதே கவலை. ஏற்றுமுன் ஒரே ஒரு தடவை புழுக்கையைச் சோதித்தால் போதாது. ஒற்றைப் புழு தப்பினாலும் அது தனியே பெருகாது. அஞ்ச வேண்டியது, ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தும் இன்னும் முட்டையிடத் தொடங்காத புதுத் தொற்றுக்குத்தான்.