‘நீங்க மலையாளியா?’: கத்தரியும் பசையும் சொல்லும் பதில்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வருகிறவர் அலுவலகத்தில் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது: “உங்க பேச்சு ஒரு மாதிரி இருக்கே, மலையாளியா நீங்க?” அதே ஆள் திருவனந்தபுரம் போனால், அங்கே அவர் ‘பாண்டிக்காரர்’. ஆள் ஒருவர்தான். ஒட்டப்படும் லேபிள்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

லேபிளைக் கிழித்து எறிவது ஒரு வழி. அதையே கத்தரித்து, தன் படத்துக்குள் தான் விரும்பும் இடத்தில் ஒட்டிக்கொள்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிதான் கொலாஜ் சுயசித்திரம்.

கொலாஜ் சுயசித்திரம் என்றால்?

‘கொலாஜ்’, ஒட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1912-ல் பிக்காஸோவும் பிராக்கும் ஓவியத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார்கள். பழைய போட்டோ, செய்தித்தாள், டிக்கெட், வரைபடம் என்று தன் வாழ்க்கையோடு தொடர்புள்ள துண்டுகளால் தன்னையே படமாக்கினால், அது கொலாஜ் சுயசித்திரம்.

ஜெர்மன் கலைஞர் ஹன்னா ஹோக் 1919-ல் ஒரு பெரிய கொலாஜ் செய்தார். பத்திரிகைகளில் வந்த தலைவர்கள், இயந்திரங்களின் படங்களை வெட்டி ஒட்டிய அவர், தன் முகத்தைச் சின்னதாக வெட்டி வலது கீழ் மூலையில் வைத்தார். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த ஐரோப்பிய நாடுகளைக் காட்டும் வரைபடத்தின் ஓரம் அது. தான் எப்படி இருக்கிறோம் என்பதைவிட, எங்கே நிற்கிறோம் என்பதையே அவர் காட்டினார்.

முகம் எப்போது ‘டைப்’ ஆனது?

நம் ஊரில் லேபிள் ஒட்டும் வேலையை கேமராவும் செய்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி கே.ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் 7 தொகுதிகள் வெளியிட்டார். அதில் உள்ள படங்களுக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது. சமூகத்தின் பெயர்தான் இருக்கும். ஒருவரின் முகம் ஒரு கூட்டத்துக்கே ‘மாதிரி’ ஆகிவிட்டது.

இந்தப் பழக்கத்தைத் திருப்பிக் கேள்வி கேட்டவர் பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா என். 2000 முதல் 2004 வரை, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா’ என்ற தொடரைச் செய்தார். ரவி வர்மா ஓவியத்துப் பெண், வேளாங்கண்ணி மாதா, செய்தித்தாளில் வந்த குற்றவாளி, கட்டம் போட்ட திரைக்கு முன் நிற்கும் பழங்குடிப் பெண்... எல்லா வேடத்திலும் அவரே நின்றார். இது வெட்டி ஒட்டிய கொலாஜ் இல்லை. ஆனால் கேள்வி அதேதான்: ஒரே முகம் இத்தனை ‘டைப்’புக்கும் பொருந்துகிறது என்றால், ‘டைப்’ இருப்பது முகத்திலா, உடையிலும் பின்னணியிலுமா?

தேங்காய்ப்பட்டணத்துக்காரர் செய்தால்?

துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இந்த ஊர், 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் தாத்தா காலத்து நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். பேத்தியின் மார்க் ஷீட் தமிழில் இருக்கும். இங்கே பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். ‘சாய்வு நாற்காலி’ என்ற தமிழ் நாவலுக்குத்தான் 1997-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார்.

பத்திரத்தின் நகல், துறைமுகத்துப் படகு, தட்டில் மரச்சீனியும் மீன்கறியும், கழுத்தில் ஐடி கார்டு... எல்லாமே ஒரே ஆள். ‘மலையாளியா?’ என்ற கேள்விக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கலாம். அது எவ்வளவு பெரிசு, எந்த மூலை என்பதை இப்போது முடிவு செய்பவர் அவர்.

நீங்களும் செய்யலாம்

• மற்றவர்கள் உங்களைப் பற்றிச் சொன்ன 5 விஷயம், நீங்களே சொல்லிக்கொள்ளும் 5 விஷயம் எழுதுங்க. இரண்டு பட்டியலும் எங்கே மோதுகிறதோ, அங்கேதான் படம் இருக்கு.

• ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் தேடுங்க: பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, பழைய கடிதம். குடும்ப போட்டோவில் கத்தரி வைக்க வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்து வெட்டுங்க.

• உடனே பசை தடவ வேண்டாம். மேசையில் பரப்பி, இடம் மாற்றி, ஒவ்வொரு தடவையும் போனில் படம் எடுத்துப் பாருங்க.

• வெட்டிய ஓரம் தெரியட்டும். பல துண்டுகள் சேர்ந்த ஆள் என்பதை அந்த ஓரம்தான் சொல்லும்.

• இணையத்தில் போடும் முன் ஐடி கார்டு, பத்திரத்தில் உள்ள எண்களை மறையுங்க. படத்தில் வேறு முகங்கள் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை

‘தமிழர்’ என்றதும் கோபுரம், மல்லிகைப்பூ, வேட்டி என்று கை தானாகப் போகும். அப்படிச் செய்தால் நம்மை நாமே சுற்றுலா போஸ்டர் ஆக்கிக்கொள்வோம். முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்க: முகத்தை மட்டும் மாற்றினால், இதே படம் இன்னும் நூறு பேருக்குப் பொருந்துமா? ஆமாம் என்றால், இன்னும் சில துண்டுகளை மாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு யாராவது “மலையாளியா?” என்று கேட்டால் கோபப்படத் தேவையில்லை. “கொஞ்சம் உட்காருங்க, ஒரு படம் காட்டுறேன்” என்று சொன்னால் போதும்.