பலகையில் பைக் ஏறும்போது முன்பிரேக் ஏன் கைவிடுகிறது?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. நாலு பேர் சேர்ந்தால் அதைப் பிக்கப்பில் தூக்கி ஏற்றிவிடலாம்தான். ஒருவர் பிடி நழுவினால் போச்சு. சாய்வுப் பலகைதான் புத்திசாலித்தனம். பிக்கப்பின் தளம் 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் பலகையில் எடையின் கால் பங்கு, அதாவது சுமார் 49 கிலோவுக்கான விசை போதும். பலகை பாதி நீளமானால் விசை இரட்டிப்பாகும்.

ஆபத்து பாதி வழியில்தான். சரிவில் எடை பின்சக்கரத்தின் பக்கம் சாய்கிறது. லேசாகிப்போன முன்சக்கரத்தைப் பிரேக் பூட்டினாலும், அது பூட்டியபடியே பின்னால் வழுக்கும். வலது காலைப் பின்பிரேக் மிதிக்குக் கொண்டுபோகவும் அங்கே வழியில்லை. அதனால் இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்தபடி தள்ளுங்கள். கிளச்சை விட்டால் பின்சக்கரத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கைக்கு எட்டும் பின்பிரேக் அது!

இன்ஜினை ஓடவிட்டு ஏற்றுகிற வீரர்களுக்கு: ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் பலகையைப் பின்னோக்கி உதைக்கும். பலகையைப் பிக்கப்போடு கட்டாவிட்டால் அது உருவிக்கொண்டு போகும்.

மேலே ஏறியதும் முன் ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இருபுறமும் பட்டையை இறுக்குங்கள். பள்ளத்தில் வண்டி குதித்தாலும் ஸ்பிரிங் பட்டையைத் தொய்யவிடாது. சைடு ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள்.