தானம் என்று முடியும் கற்கள்

கல்கத்தாவில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் சௌரங்கி மியூசியத்துக்குப் போகாத குடும்பம் அநேகமாக இராது. ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் காளிகாட், தட்சிணேஸ்வரம், விக்டோரியா, அப்புறம் மியூசியம் என்பது எழுதாத அட்டவணை. வங்காளிகள் இதை ஜாதுகர், அதாவது மாயவீடு என்பார்கள். பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்று சொன்னதற்கு இது எவ்வளவோ மேல். பிள்ளைகள் நேரே எகிப்து மம்மியிடம் ஓடும். பெரியவர்களுக்குக் கால் வலிக்கும். கீழ்த்தளத்தில் ஓர் அறை முழுக்க நிற்கும் செந்நிறக் கல்வேலியை அரைப் பார்வை பார்த்துவிட்டு, வெளியே வந்து புச்கா தின்றுவிட்டு வீடு திரும்புவோம்.

அந்தக் கல்வேலியைப் பற்றியதே இக்கட்டுரை. அதன் பெயர் பார்ஹுத்.

அடியேன் பாத்திர வியாபாரி. கலை வரலாற்றை எந்தக் கல்லூரியிலும் படித்தவனல்லன். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1956-ல் வெளியிட்ட 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்னும் நூல்தான் என் முதல் வாத்தியார். பிறகு கன்னிங்காம் 1879-ல் பார்ஹுத் பற்றி எழுதிய நூலையும், கல்கத்தாப் பேராசிரியர் பேணிமாதவ் பரூவாவின் நூல்களையும் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். கடைக்கு ஞாயிறு விடுமுறை. மியூசியத்துக்குத் திங்கள்தான் விடுமுறை. ஆகவே மாணவனாக இருக்க வசதியாயிற்று.

பார்ஹுத் என்பது மத்தியப் பிரதேசத்தில் சத்னாவுக்கு அருகிலுள்ள சிற்றூர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி அங்கே ஒரு பௌத்த ஸ்தூபியும் அதைச் சுற்றிக் கல்வேலியும் எழுந்தன. 1873-ஆம் ஆண்டு நவம்பரில் கன்னிங்காம் அங்கே போனபோது ஸ்தூபி அநேகமாக இல்லை. சுற்றுக் கிராமத்தார் கல்லையும் செங்கல்லையும் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் கிடந்து தப்பிய கிழக்கு வாசலும் வேலியின் ஒரு பகுதியுமே இங்கே வந்து சேர்ந்தன. பின்னாளில் அக்கம்பக்கத்து ஊர்களில் கிடைத்த கற்கள் அலகாபாத் மியூசியத்தில் இருக்கின்றன.

முதலில் வேலியின் கட்டுமானத்தைப் பாருங்கள். நிமிர்ந்த தூண்கள், தூணுக்குத் தூண் மூன்று குறுக்குக் கற்கள், மேலே ஓடும் கனத்த தலைக்கல். மொத்தம் ஏறத்தாழ 9 அடி உயரம். குறுக்குக் கல்லின் முனை தூணில் வெட்டிய குழிக்குள் செருகி நிற்கிறது. குறுக்குக் கல்லுக்குச் சூசி என்று பெயர், ஊசி போல நுழைவதால். தலைக்கல்லுக்கு உஷ்ணீஷம், அதாவது தலைப்பாகை. இது கல் தச்சன் வேலையே அன்று, மரத் தச்சன் வேலை. மூங்கிலிலும் மரத்திலும் வேலி போட்டுப் பழகிய கை, கல் கிடைத்ததும் அதே மாதிரி செருகிவிட்டது. நம் கோயில் விமானத்தில் கொடுங்கை கூரை வேய்ந்தாற்போல வளைந்து இறங்குகிறதே, அதுவும் இந்தச் சங்கதிதான். புதுப் பொருள் வந்தாலும் கை பழைய பழக்கத்தை விடாது.

அடுத்தது, தூணிலுள்ள வட்டச் சிற்பங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், ஒன்று போதும். ஜேதவனத்தை விலைக்கு வாங்கிய கதை. சிராவஸ்தியில் அநாதபிண்டிகன் என்று ஒரு பெரு வணிகன். புத்தருக்கும் அவருடைய சங்கத்துக்கும் தங்குமிடம் அமைக்க ஜேதன் என்னும் இளவரசனின் தோப்பைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இளவரசன், தரை முழுவதும் காசு பரப்பினால் தருகிறேன் என்று எகத்தாளமாகச் சொல்கிறான். வணிகன் அதையே விலையாக எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாய்க் காசு கொண்டுவந்து கொட்டுகிறான். பதினெட்டுக் கோடி என்று பௌத்த நூல்கள் கணக்குச் சொல்லும்.

இப்போது கல்லைப் பாருங்கள். கீழே ஒரு மாட்டுவண்டி. மாடுகளை அவிழ்த்தாயிற்று என்பதைக் காட்ட நுகத்தடி மேலே தூக்கி நிற்கிறது. பக்கத்தில் காசை விரல் நுனியில் பிடித்து எண்ணுகிறவர்கள். அதற்கு மேலே இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து, சதுரக் காசுகளை விளிம்போடு விளிம்பாக, தளம் பாவுவது போல அடுக்குகிறார்கள். அக்காலத்து முத்திரைக் காசுகளில் பெரும்பாலானவை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருந்தவை என்பதால், சிற்பி கண்ணால் கண்டதைத்தான் செதுக்கியிருக்கிறான். நடுவில் அநாதபிண்டிகன், இரண்டு கையிலும் மூக்குள்ள ஒரு கெண்டியை ஏந்தி நிற்கிறான். கன்னிங்காம் துரைக்கு அதைப் பார்த்ததும் தேநீர்க் கெட்டில் ஞாபகம் வந்திருக்கிறது! நமக்கு அந்தக் கஷ்டமில்லை. தாரை வார்க்கிறான். நம் கல்யாண வீடுகளில் இன்றும் கன்னிகாதானத்தில் நடப்பது அதுதான். விலை கொடுத்து வாங்கியதைத் தண்ணீர் விட்டுத் தானமாகக் கொடுக்கிறான். கெண்டியின் வயிறும் மூக்கும் அமைந்த விதத்தைப் பார்த்தால், அப்படி ஒன்றை இன்றைக்கும் கடையில் தூக்கி வைக்கலாம்.

வண்டியருகே காசு எண்ணுகிற ஒருவனையும் அநாதபிண்டிகன் என்றே கொள்வர். அப்படியானால் ஒரே வட்டத்துக்குள் ஒரே ஆள் இரண்டு தடவை வருகிறான். காசு இறக்கியது, எண்ணியது, பரப்பியது, தாரை வார்த்தது எல்லாம் வேறு வேறு நேரத்தில் நடந்தவை; கல்லில் ஒன்றாக நிற்கின்றன. சினிமா பார்த்துப் பழகிய நமக்கு முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். தூரத்தில் இருப்பதைச் சிறிதாகக் காட்டும் வழக்கமும் இங்கே கிடையாது. பின்னால் இருப்பது மேலே போகும், அவ்வளவுதான். இந்த இரண்டு விஷயத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற வட்டங்களும் தாமே பேசத் தொடங்கும்.

இத்தனை இருந்தும், யாருக்காகத் தோப்பு வாங்கினார்களோ அவரை இதில் காணோம். பார்ஹுத் முழுவதிலும் தேடினாலும் புத்தருடைய உருவம் கிடைக்காது. மரம், ஆசனம், பாதச்சுவடு, சக்கரம் ஆகியவைதான் அவருக்குப் பதில் நிற்கும்.

இதையெல்லாம் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கல்லிலேயே எழுதியிருக்கிறார்களே! ஜேதவனத்தை அநாதபிண்டிகன் கோடி பரப்பி வாங்கித் தருகிறான் என்ற பொருளில் வாசகம் வெட்டியிருக்கிறது. குபேரன் என்னும் யக்ஷன், மரக்கிளையைப் பற்றி நிற்கும் சந்திரா யக்ஷி இவர்களுக்கும் பக்கத்திலேயே பெயர் உண்டு. மியூசியத்தார் வைக்கும் அட்டை இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிந்தியது. முதல் அட்டையைச் சிற்பி காலத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அந்த எழுத்து பிராமி. அதைப் படிக்கும் வித்தை இதே கல்கத்தாவில்தான் திரும்பக் கிடைத்தது. ஜேம்ஸ் பிரின்செப் இங்குள்ள நாணயசாலையில் உலோக மாற்றுப் பார்க்கும் அதிகாரி. மாலையில் காற்று வாங்க நாம் போகும் பிரின்செப் காட் அவர் பெயரில் உள்ளதே. 1837-ல் சாஞ்சி வேலியிலிருந்து படியெடுத்து வந்த சிறு சிறு வாசகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அநேகமாக எல்லாம் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதைக் கவனித்தார். கோயிலில் தூணும் கல்லும் கொடுத்தவர் பெயர் வெட்டுவது இந்நாட்டு வழக்கமாயிற்றே, ஆகையால் அது 'தானம்' என்ற சொல்லாக இருக்கலாம் என்று ஊகித்தார். பூட்டு திறந்துகொண்டது. அசோகன் கல்வெட்டுகள் படிக்கப்பட்டதெல்லாம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனதால்தான். யாரோ பெயர் தெரியாத உபயதாரர்கள் கணக்காக எழுதி வைத்ததால் ஒரு தேசத்தின் சரித்திரம் கிடைத்தது.

பார்ஹுத் வேலியும் அப்படித்தான். ஒரு ராஜா கட்டிக் கொடுத்ததன்று. தூண் ஒருவர், குறுக்குக் கல் ஒருவர் என்று பலர் கொடுத்தது. விதிசையைச் சேர்ந்த ரேவதிமித்திரன் மனைவி சாபாதேவி கொடுத்தது முதல் தூண். துறவிகளும் பெண் துறவிகளும், பாடலிபுத்திரம் போன்ற தூரத்து ஊர்க்காரர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசத்துக் கல், பௌத்தர் கதை, வங்காளத்து மியூசியம்; இதில் நமக்கென்ன என்று நம்மவர் பலர் நினைப்பதை நான் அறிவேன். 'நீர் சமணராயிற்றே, பௌத்தர் வேலியைக் கட்டிக்கொண்டு அழுகிறீரே' என்றும் ஒரு நண்பர் கேலி செய்தார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறேன். பார்ஹுத்தில் உளிச் சத்தம் கேட்ட அதே காலத்தில் மதுரைப் பக்கத்துக் குன்றுகளிலும் உளிச் சத்தம் கேட்டது. சமண முனிவர்களுக்குக் குகைகளில் கற்படுக்கை வெட்டி, கொடுத்தவர் பெயரை அதே பிராமி எழுத்தில் பொறித்தார்கள். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார், அதாவது வெள்ளறை ஊர் வணிகர் சங்கத்தார், கொடுத்த தானம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார் ஐராவதம் மகாதேவன். அழகர்மலையில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று ஒரு கடைத்தெருவே வரிசையில் நிற்கிறது. கொழு என்றால் ஏர்க்கொழு, அறுவை என்றால் துணி. 1981-ல் வெளிப்பட்ட ஜம்பைக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சி 'ஈத்த' பாளி என்று இருக்கிறது. வடக்கே தானம், இங்கே ஈத்தது. மாங்குளத்து எழுத்துகள் 1882-லேயே கண்ணில் பட்டும், குகை எழுத்தின் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் எடுத்துக்காட்டும் வரை தெளிவு பிறக்கவில்லை. பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தமிழர் தனி வடிவம் செய்துகொண்டிருந்தார்கள்.

பார்ஹுத் கல்லைக் கிராமத்தார் வீட்டுச் சுவராக்கினார்கள் என்று படித்தால் நமக்குக் கோபம் வருகிறது. நம் கற்படுக்கைகளின் கதி என்ன? தலையணை மேடு வைத்து வழவழப்பாக இழைத்த படுக்கைகளில் காதலர் பெயரும் கட்சிப் பெயரும் கீறியிருக்கிறார்கள், பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். கிரானைட் குவாரிகள் சில குன்றுகளை ஒட்டியே வந்துவிட்டன. மதுரை வட்டார கிரானைட் விவகாரம் 2012-ல் நாடறிந்த வழக்காயிற்று. மியூசியத்தில் உள்ள கல்லுக்குக் காவலாள் உண்டு. குன்றில் உள்ளதற்கு, அது இன்னதென்று தெரிந்தவர்கள்தான் காவல். ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நம் பிள்ளைகள் மதுரை வரை போய் மீனாட்சியம்மன் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். 'இங்கே எழுத்து இருக்கிறது' என்று காட்ட வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

அதைப் படித்துக்கொள்ள நாம் இருக்கும் ஊரே போதும். டில்லியில், பம்பாயில், ஐதராபாத்தில் இருப்பவர்களுக்கும் பக்கத்திலேயே மியூசியம் உண்டு. அடுத்த முறை போகும்போது மம்மியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அட்டையைப் படிக்குமுன் கல்லை ஐந்து நிமிஷம் பார்க்க விடுங்கள். எத்தனை பேர், கையில் என்ன, மாடு எங்கே என்று பிள்ளைகளே எண்ணட்டும். வரையத் தெரியாவிட்டாலும் வரையச் சொல்லுங்கள். கெண்டியின் மூக்கை வரைந்த பிள்ளை அதை மறக்காது.

பிறகு எழுத்துக்கு வாருங்கள். கூட்டல் குறி போல இருப்பது க. தரையில் ஒரு கோடு கிழித்து அதன் நடுவில் குச்சி நட்டாற்போல இருப்பது ந. எழுத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் ம் என்ற ஒலி சேரும். ஆகவே நட்ட குச்சியும் அதன் அருகே ஒரு புள்ளியுமாக முடிகிற வரி எங்கெங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அப்படிக் கிடைப்பதில் அநேகம் 'தானம்' ஆகவே இருக்கும்.